ஈஸ்டர் முட்டைக்குத் தங்கப் பூச்சு: குப்பியில் உள்ள எழுத்தும் நம் பில்லில் உள்ள எழுத்தும்



பேக்கரிச் சாமான் விற்கும் நம் உறுப்பினர்கள் பலரும் அண்மை ஆண்டுகளில் ஒரு சிறு சரக்கைக் கடையில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான்கு கிராம், ஐந்து கிராம் குப்பிகளில் வரும் தங்க நிற, வெள்ளி நிறப் பொடிதான் அது. கேக்கின் மேல் தடவலாம், திரவத்தில் குழைத்துத் தூரிகையால் தீட்டலாம். கிறிஸ்துமஸுக்குக் கேட்பார்கள், பிறந்த நாள் கேக்குக்குக் கேட்பார்கள். இப்போது ஈஸ்டர் முட்டைக்கும் கேட்கிறார்கள். விலை குறைவு, இடம் அடைக்காது, எலி தொடாது, எடை குறையாது. மொத்த வியாபாரிக்கு இதைவிட நல்ல சரக்கு ஏது என்று நாங்களும் நினைத்திருந்தோம். செஞ்சியில் எங்கள் கடையில் இந்தப் பொடியால் நேர்ந்த சங்கடத்தையும், அதற்குப் பின் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் முட்டையின் கதை. நம் பகுதிக் கிராமங்களில் உயிர்ப்புப் பெருவிழா என்றால் நள்ளிரவுத் திருப்பலி, புதுத்துணி, மறுநாள் பிரியாணி. முட்டைக்கு வண்ணம் தீட்டுவது பழைய வழக்கம் அன்று. புதுச்சேரி பேக்கரிகளையும் சென்னைக் கடைகளையும் பார்த்து வந்த பழக்கம் இது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் போட்டி வைப்பதும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் வழக்கம் வந்த காரணம் எளியது. முற்காலத்தில் தவக்காலம் 40 நாளும் முட்டையைத் தொடமாட்டார்கள். கோழி விரதம் இருக்காது அல்லவா? சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, வண்ணம் ஏற்றி, பண்டிகையன்று ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். 1290ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. தங்க ரேக்கு ஒட்டியும் வண்ணம் தீட்டியும் பண்டிகைக்குக் கொடுத்த முட்டைகள் அவை. ஆக, தங்கம் பூசிய ஈஸ்டர் முட்டைக்கு 700 ஆண்டுக்கும் மேற்பட்ட கணக்கு இருக்கிறது.

அந்த 450 முட்டைகளுக்குப் போனது உண்மையான தங்கம். இன்று நம் கடைக்கு வரும் குப்பியில் இருப்பது அதுவா என்பதே கேள்வி.

சாப்பிடும் பொருளின் மேல் உலோகம் ஒட்டுவது நமக்குப் புதிதன்று. நாட்டு மருந்துக் கடைகளில் தங்க ரேக்கும் வெள்ளி ரேக்கும் தலைமுறை தலைமுறையாக விற்கிறார்கள். காஜூ கத்லிக்கும் பீடாவுக்கும் ஒட்டும் வெள்ளி ரேக்கை வடநாட்டார் வர்க் என்பார்கள். இந்திய உணவு விதிப்படி அதில் வெள்ளி 99.9 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெள்ளிக்குப் பதில் அலுமினியத் தாளை வைத்து ஏமாற்றுவது இந்த வியாபாரத்தின் பழைய நோய். கண்டுபிடிப்பது கடினமன்று. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் வெள்ளி பொடியாகிக் காணாமல் போகும். அலுமினியம் துணுக்குத் துணுக்காகக் கிழியும். நெருப்பில் காட்டினால் வெள்ளி சுருண்டு பளபளக்கும் சிறு உருண்டையாக நிற்கும், அலுமினியம் கருஞ்சாம்பலாகும். ரேக்கு வாங்குகிற உறுப்பினர்கள் கட்டுக்கு ஒரு தாளாவது இப்படிப் பார்த்து எடுப்பது நல்லது. கெடுவது ஒரு தாள்தான்.

ரேக்கில் நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. மேல்சித்தாமூர் மடம் நமக்கு அருகில் இருக்கிறது. சுற்று வட்டாரத்து நயினார் குடும்பங்கள் நம் கடைகளுக்கு நெடுநாள் வாடிக்கை. பழைய முறையில் வெள்ளியை மாட்டுக் குடல், தோல் அடுக்குகளுக்கு இடையில் வைத்துத்தான் சுத்தியலால் அடித்து மெல்லிய தாளாக்கினார்கள். சைவ உணவுக்காரர்கள், குறிப்பாகச் சமணர்கள், இதனாலேயே ரேக்கு ஒட்டிய இனிப்பைத் தொடுவதில்லை. விலங்குப் பொருள் எந்தக் கட்டத்திலும் கூடாது என்று 2016ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு திருத்த விதி வெளியிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இயந்திரத்தில் செய்ததா என்று கேட்டு, கொடுப்பவரிடம் எழுதி வாங்கி வைத்தால், வாடிக்கையாளர் கேட்கும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை.

ரேக்கு அசல் உலோகம். இரண்டாவது வகை, உலோகம் போலத் தோன்றும் உணவுத் தரப் பொடி. இதில் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. அப்பிரகம் என்று நம் பாட்டனார் காலத்தில் சொன்ன மைக்காவை மிக நுண்ணிய செதில்களாக்கி, மேலே டைட்டானியம் டையாக்ஸைடோ இரும்பு ஆக்ஸைடோ பூசுகிறார்கள். செதில் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் முத்துப் போலவும் பொன் போலவும் மினுங்கும். குப்பியின் பின்புறம் 555, 171, 172 என்று எண்கள் இருந்தால் முறையே மைக்கா, டைட்டானியம், இரும்பு ஆக்ஸைடு என்று அறியலாம். 174 என்றால் வெள்ளி, 175 தங்கம். இவை உலகம் முழுவதும் ஒரே எண்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எண் என்பது பொருளின் பெயர் மட்டுமே, அனுமதி அன்று. எந்தப் பண்டத்தில் எதைச் சேர்க்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. டைட்டானியம் டையாக்ஸைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் உணவிலிருந்து நீக்கிவிட்டது. நம் நாட்டு விதியில் பண்டத்துக்குப் பண்டம் பட்டியல் உண்டு. சந்தேகம் வந்தால் விற்க வருகிற ஏஜெண்டைக் கேட்க வேண்டாம். வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்கலாம்.

மூன்றாவது வகையில்தான் ஆபத்து. ஜிகினாத் தூளும் பித்தளைப் பொடியும் இதில் அடங்கும். சாமி வாகனத்துக்கும் கொலுப் பொம்மைக்கும் விநாயகர் சிலைக்கும் வார்னிஷில் குழைத்துப் பூசும் தங்கப் பொடியை நாம் எல்லோரும் அறிவோம். அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள். ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக். இவற்றையே சிறு குப்பியில் அடைத்து, கேக் படம் போட்டு, பேக்கரிச் சாமானோடு சேர்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் உணவுப் பொடிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால், உணவுப் பொடியைவிட இது இன்னும் கூடுதலாகப் பளபளக்கும். வாங்குகிறவர் இதைத்தான் கேட்பார்.

இதன் விளைவை அமெரிக்காவில் பார்த்துவிட்டார்கள். 2018ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்த நாள் கேக்கின் மேல் ரோஜாப் பொன் நிறப் பொடியைத் தடிமனாகப் பூசியிருந்தார்கள். அதைச் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஆராய்ந்தபோது அது நுண்ணிய செம்புத் தூள். 2019ல் மிசௌரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததை விசாரித்துக்கொண்டே போனார்கள். கேக்கின் மேல் இருந்த பூவுக்குத் தடவிய மஞ்சள் பொடியில் ஈயம் மட்டும் 25 சதவீதம் இருந்தது. நூறு கிராமில் இருபத்தைந்து கிராம்! இரண்டையும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2021ல் சேர்த்து வெளியிட்டது. நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இப்படிப்பட்ட பொடிகளின் குப்பிகளில் 'நான் டாக்ஸிக்' என்று அச்சிட்டிருப்பது உண்டு என்பதை. நச்சில்லை என்ற சொல்லுக்குச் சாப்பிடலாம் என்று பொருள் இல்லை. பிள்ளைகளின் கிரேயான் பெட்டியிலும் அதே சொல்தான் இருக்கிறது. கிரேயானை யாரும் சட்னிக்குத் தொட்டுக்கொள்வதில்லை.

அமெரிக்கா தொலைவு என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் துணிச்சாயமான ரோடமின் பி இருப்பதைக் கண்டுபிடித்துத் தடை செய்தார்கள். அதே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாடு அரசும் தடை போட்டது. மிட்டாய் சுற்றிய பையன் வேதியியல் படித்தவன் அல்லன். சாயப் பொட்டலத்தை ஏதோ ஒரு கடையில் கலர் பொடி என்று கேட்டு வாங்கியிருப்பான். அந்தக் கடைக்கு ஏதோ ஒரு மொத்தக் கடையிலிருந்து போயிருக்கும்.

எங்கள் கடைக் கதைக்கு வருகிறோம். 2022 ஈஸ்டருக்கு முன்பு சென்னையில் ஒரு தரகர் வழியாகக் கேக் பலகை, மெழுகுவர்த்தி, காகிதக் கிண்ணம் எடுத்தபோது 24 குப்பி தங்கப் பொடியும் சேர்ந்து வந்தது. அவர் பில்லில் எல்லாம் சேர்த்து 'அலங்காரச் சாமான்' என்று ஒரே வரி. நாங்கள் கணினியில் ஏற்றும்போது, பொடிக்குத் தனிக் குறியீடு இல்லாததால், கடைப் பையன் ஏற்கனவே இருந்த 'ஃபுட் கலர்' குறியீட்டில் போட்டுவிட்டான். நாங்களும் கவனிக்கவில்லை. 7 குப்பிகள் விற்றுவிட்டன. ஒரு கிராமத்து பேக்கரிக்காரர் வீட்டு அம்மாள் போன் செய்தார். "அய்யா, பள்ளிக்கூடத்துக்கு நூறு முட்டை ஆர்டர் இருக்குது. இதைப் பூசினா பிள்ளைங்க கையில ஒட்டுது. வாயில போனா ஒண்ணும் ஆகாதில்லீங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்ல வாய் எடுத்தோம். ஏனோ, குப்பியை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். மணிலாக் கொட்டை அளவு எழுத்தில் பொடியின் பெயர். கடுகு அளவு எழுத்தில் 'நான் டாக்ஸிக்'. அதற்கும் கீழே, 'அலங்காரத்துக்கு மட்டும், உண்ணும் முன் நீக்கவும்'. லைசென்ஸ் எண் இல்லை. அடங்கியுள்ள பொருள் என்ன என்ற வரியே இல்லை.

அன்று மாலையே ஆளை அனுப்பினோம். விற்ற ஏழில் ஐந்து திரும்பி வந்தன. இரண்டு வரவில்லை. அவை எந்தக் கேக்கில் போயின என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் உடம்பு சரியில்லை என்று செய்தி வரவில்லை. ஆனாலும் அந்த ஈஸ்டர் வாரம் முழுவதும் போன் மணி அடித்தால் எங்களுக்குக் கை நடுங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. தரகர் சரக்கைத் திரும்ப எடுக்க மறுத்தார். அவர் சொன்ன காரணம் சரியானது, கசப்பானது. "நான் அலங்காரச் சாமான்னு பில் போட்டேன். சாப்பாட்டுச் சாமான்னு பில் போட்டது நீங்க."

இங்கேதான் சட்டம் வருகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 26ல் ஓர் உட்பிரிவு உண்டு. உணவுப் பொருளை இன்னொரு வியாபாரிக்கு விற்கிறவர் அதன் தன்மை, தரம் பற்றி எழுத்தில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். தனியாக எழுதிக் கொடுக்காவிட்டாலும், நாம் கொடுக்கும் பில்லையே உத்தரவாதமாகக் கொள்ளலாம் என்பது அதில் உள்ள வாசகத்தின் சாரம். நம்மில் பலர் பில்லை வரிக்காகப் போடுவதாக நினைக்கிறோம். உணவுச் சட்டத்தின் பார்வையில் 'ஃபுட் கலர்' என்று நாம் அச்சிட்ட வரி, இது சாப்பிடத் தக்கது என்று நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம். கடைப் பையன் தட்டிய ஒரு குறியீடு, ஜிகினாவை உணவாக்கிவிட்டது. பாதுகாப்பற்ற உணவால் உயிர்ச் சேதம் நேர்ந்தால் அதே சட்டத்தின் 59ஆம் பிரிவில் குறைந்தது 7 ஆண்டு சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். தக்க கவனம் எடுத்துக்கொண்டேன் என்று வியாபாரி நிரூபிக்கவும் 80ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் நிரூபிக்கக் கையில் என்ன இருக்கும்? கொள்முதல் பில்லும் லேபிளும்தான்.

ஆகவே கொள்முதலில் பார்க்க வேண்டியது: குப்பியில் உண்ணத் தக்கது அல்லது உணவுத் தரம் என்று தெளிவாக இருக்க வேண்டும். அடங்கியுள்ள பொருள்களின் பட்டியல், தயாரிப்பு நாள், தொகுதி எண், 14 இலக்க லைசென்ஸ் எண் வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் பதிவு. அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று ஆணையத்தின் இணைய தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நமக்குத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எண் வேண்டும். சரக்கு கொடுப்பவர் பில்லில் அவருடைய எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பில்லில் பொருளின் பெயர் தனி வரியாக வரட்டும். மெழுகுவர்த்தியோடு சேர்த்து ஒரே வரியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பேக்கரிக்காரர்கள் நம்மிடம்தான் உபயோகமும் கேட்பார்கள். கோழி முட்டைக்கு என்றால், ஓட்டைத்தானே தூக்கி எறிகிறோம், எந்தச் சாயமானால் என்ன என்பார்கள். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. வேகவைத்த முட்டையை உரித்துப் பார்த்தால் வெள்ளைக் கருவிலேயே சாயம் திட்டுத் திட்டாகத் தெரியும். ஓட்டுக்கும் உணவுச் சாயமே வேண்டும். நாமக்கல் வெள்ளை முட்டையில் நிறம் நன்றாக எடுக்கும். நாட்டு முட்டை மங்கலாகவே இருக்கும். சாய நீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் நிறம் ஓட்டில் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு பொடியைச் சில துளித் திரவத்தில் குழைத்து மெல்லிய தூரிகையால் தீட்ட வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகளில் சீக்கிரம் காயும் என்று வோட்காவில் குழைக்கச் சொல்லியிருக்கும். பள்ளிக்கூட முட்டைக்காகப் பேக்கரிக்காரர் டாஸ்மாக் வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஓட்டுக்குத் தண்ணீரே போதும். காயக் கொஞ்சம் நேரமாகும். சாக்லெட் முட்டையில் தண்ணீர் ஒட்டாது. உலர்ந்த தூரிகையால் பொடியை அப்படியே தடவுவதுதான் நல்லது.

ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறும் வரலாம். 2025ல் ஏப்ரல் 20, 2026ல் ஏப்ரல் 5, 2027ல் மார்ச் 28. தேதி பின்னால் தள்ளிப் போனால் செஞ்சி மலைப் பாறைகள் காய்ந்து ஊரே அடுப்பாக இருக்கும். வேகவைத்த முட்டையை அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால், பூச்சு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முட்டை கெடும். காட்சிக்கு வைத்ததைச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாக்லெட் முட்டையில் கோழி முட்டை சேராததால் பச்சைக் குறி போடலாம். பெயர் முட்டை, குறி சைவம். இதைக் கேட்டு எங்கள் நயினார் வாடிக்கையாளர் ஒருவர் வெகுநேரம் சிரித்தார். வாங்கவில்லை.

இப்போது எங்கள் கடையில் மெழுகுவர்த்தி, ஜிகினா, பலகை எல்லாம் ஒரு அலமாரி. உண்ணும் பொடியும் ரேக்கும் எஸென்ஸும் எதிர்ச் சுவரில் வேறு அலமாரி. கணினியில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு. ஜிகினா வரிக்குக் கீழே 'சாப்பிடுவதற்கு அன்று' என்று பில்லிலேயே அச்சாகும். ஜிகினா விற்பனை பாதியாகக் குறைந்தது உண்மை.

சென்ற சீசனில் அதே தரகர் மறுபடி வந்தார். புதுச் சரக்கு, இப்போது 'எடிபிள்' என்றே போட்டிருக்கிறது என்று ஒரு டஜன் மாதிரி லாரி பார்சலில் அனுப்பினார். உண்மையாகவே போட்டிருந்தது, சிறு ஒட்டுத்தாளில். நகத்தால் ஒரு ஓரம் கிளப்பிப் பார்த்தோம். அடியில் பழைய வரி அப்படியே இருந்தது. பார்சலை மறுநாள் அதே லாரி ஆபீஸில் திருப்பிப் போட்டோம். போக வர வாடகை 180 ரூபாய் எங்கள் செலவில் எழுதியிருக்கிறோம்.